டைமன்சிட்டி 8300 (மாலி ஜி615) vs ஸ்னாப்டிராகன் 7+ ஜென் 3 (அட்ரீனோ 732): ஜிபியூவை எதை வைத்து ஒப்பிடுவது?

கோட்டைவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். 30,000 ரூபாய்க்குள் ஒரு போன், முக்கியமாக கேமுக்கு. தேடித் தேடி ரெண்டு சிப்பில் வந்து நிற்கிறேன் (அடைப்புக்குள் இருப்பது அதன் ஜிபியூ, அதாவது படம் வரையும் பகுதி): டைமன்சிட்டி 8300 (மாலி ஜி615 எம்சி6), ஸ்னாப்டிராகன் 7+ ஜென் 3 (அட்ரீனோ 732). அன்டுட்டு என்ற பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஆப் தரும் மொத்த மதிப்பெண் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். யூடியூபில் ஒருத்தர் மாலி என்றாலே சூடு என்கிறார், இன்னொருத்தர் அட்ரீனோ என்பதே வெறும் பெயர் மயக்கம் என்கிறார்.

என் உபயோகம்: பிஜிஎம்ஐ 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 பிரேம்), கென்ஷின் இம்பாக்ட், பிஎஸ்2 எமுலேட்டர் (பிளேஸ்டேஷன் 2 கேம்களைப் போனில் ஓட்டும் ஆப்), முடிந்தால் விண்டோஸ் கேம்களைப் போனில் ஓட்டும் வின்லேட்டரில் பழைய பிசி கேம்கள். இருப்பது வேலூர், ரூமில் ஏசி கிடையாது.

கேள்விகள்: மாலிக்கு 6 கோர் என்று போடுகிறார்கள், அட்ரீனோவுக்கு ஏன் எண்ணே இல்லை? எந்த பெஞ்ச்மார்க்கை நம்புவது? அந்த எண் கேமில் அப்படியே வருமா?

---

டைல்ராஜா:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதுக்கு இங்கே கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

எம்சி6 என்பதில் உள்ள 6, ஷேடர் கோர்களின் (படத்துக்கான கணக்கைப் போடும் அலகுகளின்) எண்ணிக்கை. சிக்கல் என்னவென்றால் ஒரு மாலி கோர் தலைமுறைக்குத் தலைமுறை வேறு அளவு. ஒரு கிளாக்கில் (சிப்பின் ஒரு துடிப்பில்) ஒரு கோர் செய்யும் 32 பிட் பெருக்கல்-கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி76-ல் 24. ஜி57, ஜி68, ஜி77, ஜி78 எல்லாவற்றிலும் 32. ஜி610, ஜி710-ல் 64. ஜி615, ஜி715-ல் 128. ஆக ஜி68 எம்சி4 என்பது ஜி615-ன் ஒரே ஒரு கோருக்குச் சமம், வெறும் கணக்குத்திறனை மட்டும் பார்த்தால்.

"கணக்குத்திறனை மட்டும் பார்த்தால்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டைமன்சிட்டி 7200-ல் ஜி610 எம்சி4, அதாவது 4 × 64 = 256. டைமன்சிட்டி 7300-ல் ஜி615 எம்சி2, 2 × 128, அதுவும் 256. காகிதத்தில் ரெண்டும் ஒன்று. ஆனால் டெக்ஸ்சர் (பரப்புகளில் ஒட்டும் படம்) படிக்கும் வேகம் ரெண்டு தலைமுறையிலும் கோருக்கு 8 டெக்செல் (டெக்ஸ்சரின் புள்ளி)தான். 7200-க்கு கிளாக்குக்கு 32, 7300-க்கு வெறும் 16. அதனால்தான் எண் பெரிதாக இருக்கும் 7300, ஜிபியூ டெஸ்ட்களில் பழைய 7200-க்குப் பின்னால் நிற்கிறது. சிப் பெயரில் எண் கூடினால் ஜிபியூவும் கூடும் என்று எண்ணி வாங்கியவர்கள் நிறைய.

இன்னொன்று. டைமன்சிட்டி 8200-ல் ஜி610 எம்சி6, 8300-ல் ஜி615 எம்சி6. அதே 6 கோர், கோருக்குக் கணக்குத்திறன் இரட்டிப்பு, கிளாக்கும் கூட்டினார்கள். டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு) பார்த்தால் ரெண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். மீடியாடெக் தானே விளம்பரத்தில் சொன்னது அதிகபட்சம் 60% கூடுதல். விற்கிறவனே 60 என்கிறபோது நாம் டெராஃபிளாப்ஸ் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அட்ரீனோவுக்கு எண் இல்லாததன் காரணம் எளிது: உள்ளே எத்தனை ஏஎல்யூ (கணக்குப் போடும் அலகு) என்று குவால்காம் பொதுவாக வெளியிடுவதில்லை. தளங்களில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் ஊகம். அதனால் மாலியையும் அட்ரீனோவையும் கோர் எண்ணிக்கையிலோ மெகாஹெர்ட்ஸிலோ வைத்து ஒப்பிடவே முடியாது. ஒரே குடும்பத்துக்குள், ஒரே தலைமுறைக்குள் மட்டும் அது செல்லும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். இம்மார்ட்டலிஸ் ஜி715, மாலி ஜி715, மாலி ஜி615 மூன்றும் ஒரே கட்டமைப்பு. 10 கோரும் அதற்கு மேலும் இருந்தால் இம்மார்ட்டலிஸ், 7 முதல் 9 வரை ஜி715, 6-ம் அதற்குக் கீழும் ஜி615. ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழல், பிரதிபலிப்பு வரைவது) வன்பொருளோடு, மாலியை வடிவமைக்கும் ஆர்ம் கொடுத்தது இம்மார்ட்டலிஸ் பெயரில்தான்.

கடைசியாக, யாரும் கவனிக்காத விஷயம்: மெமரி. போன் ஜிபியூக்கள் பெரும்பாலும் திரையைச் சின்னச் சின்ன டைல்களாக வெட்டி, ஒவ்வொரு டைலையும் சிப்புக்கு உள்ளேயே வரைந்து முடித்துவிட்டு வெளியே ராமுக்கு எழுதும். ஏன் இந்தப் பாடு? ராமைத் தொடுவது கரண்டைக் குடிக்கும். நொடிக்கு ஒரு ஜிகாபைட் போக்குவரத்துக்கு 80 முதல் 100 மில்லிவாட் என்பது ஆர்ம் டெவலப்பர்களுக்குச் சொல்லும் கணக்கு. இப்போது பாருங்கள்: 1080 × 2400 திரை, பிக்சலுக்கு 4 பைட், ஒரு முழுத்திரை 10.4 எம்பி. 90 எஃப்பிஎஸ்ஸில் அதை ஒருமுறை ராமில் எழுதித் திரும்பப் படித்தால் நொடிக்கு சுமார் 1.9 ஜிபி. புளூம், மூடுபனி, டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று ஒரு கேம் பத்து முறை முழுத்திரையை ராமுக்கு அனுப்பி இழுத்தால் 19 ஜிபி, கிட்டத்தட்ட 1.5 முதல் 1.9 வாட். போன் மொத்தமாகத் தாக்குப்பிடிக்கும் சூடே 3 முதல் 5 வாட்தான். "போஸ்ட் புராசசிங்" என்ற ஒரே ஒரு செட்டிங்கை அணைத்தால் எஃப்பிஎஸ் எகிறுவதற்குக் காரணம் இதுதான். ஷேடர் கோர்கள் திடீரென்று பலம் பெற்றுவிடவில்லை.

---

சூடுபார்ப்பவன்:

பெஞ்ச்மார்க் கேள்விக்கு வருகிறேன்.

அன்டுட்டு மொத்த எண்ணை ஓரமாக வையுங்கள். அதில் சிபியூ, ஜிபியூ, மெமரி, யூஎக்ஸ் (பயன்பாட்டு அனுபவம்) நான்கும் கலந்திருக்கிறது. யூஎஃப்எஸ் 4.0 ஸ்டோரேஜ் போட்ட போனுக்கு மொத்த எண் ஏறும், கேமில் ஒரு பிரேம்கூட ஏறாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஜிபியூ வரியை மட்டும் பாருங்கள், அதுவும் ஒரே வெர்ஷனுக்குள். வெர்ஷன் 9-ல் எடுத்ததையும் 10-ல் எடுத்ததையும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நான் பார்க்கச் சொல்வது 3டிமார்க். அதிலும் எந்த டெஸ்ட் என்பது முக்கியம். ஸ்லிங்ஷாட் பழையது, ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் காலத்தது. இன்றைய சிப்புகள் உச்சவரம்பைத் தொட்டு நிற்கும். வைல்டு லைஃப் 2560 × 1440-ல் வல்கனில் (கேம் ஜிபியூவோடு பேசும் புது வழி; ஓப்பன்ஜிஎல் பழைய வழி) ஓடும். வைல்டு லைஃப் எக்ஸ்ட்ரீம் 3840 × 2160. ரெண்டிலும் திரை எதுவாக இருந்தாலும் உள்ளே வரைவது இந்த அளவில்தான், அதனால் போனுக்குப் போன் ஒப்பிடலாம். மதிப்பெண்ணை 167-ஆல் வகுத்தால் சராசரி எஃப்பிஎஸ் வந்துவிடும். எக்ஸ்ட்ரீமில் ஸ்னாப்டிராகன் 870 சுமார் 1,200, அதாவது நொடிக்கு 7 பிரேம். 8 ஜென் 2 சுமார் 3,700, 22 பிரேம். 8 ஜென் 3 சுமார் 5,000, 30 பிரேம். இந்த மூன்றையும் அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டால் புதிதாக எந்த எண் வந்தாலும் எங்கே உட்கார வைப்பது என்று தெரியும்.

ஜிஎஃப்எக்ஸ்பெஞ்ச் பார்க்கிறவர்கள் "ஆஃப்ஸ்கிரீன்" என்று எழுதியதை மட்டும் எடுங்கள். ஆன்ஸ்கிரீன் என்றால் திரையின் சொந்த ரெசல்யூஷனில் ஓடும், ரெஃப்ரெஷ் ரேட்டில் முட்டி நிற்கும். 1440 × 3200 திரைக்கு 1080 × 2400-ஐ விட 1.78 மடங்கு பிக்சல். அந்த போன் ஆன்ஸ்கிரீனில் தோற்றால் ஜிபியூ மட்டம் என்று அர்த்தமில்லை. அதிலுள்ள டி-ரெக்ஸ், மன்ஹாட்டன் டெஸ்ட்கள் எல்லாம் ஓய்வு பெற்றவை; ஆஸ்டெக் ரூயின்ஸ் ஹை வரை இன்னும் பரவாயில்லை.

இவ்வளவும் உச்சம். நீங்கள் கேம் ஆடப்போவது ஒரு நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம். அதற்குத்தான் 3டிமார்க்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: ஒரு நிமிட ஓட்டம் 20 முறை, இடைவெளி இல்லாமல். கடைசியில் "ஸ்டெபிலிட்டி" என்று ஒரு சதவீதம் வரும். மிகக் குறைந்த சுற்றை மிக உயர்ந்த சுற்றால் வகுத்த விகிதம், அவ்வளவுதான். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 1,200-ல் தொடங்கி 1,190-ல் முடிக்கும் போனுக்கு 99% கிடைக்கும். 3,000-ல் தொடங்கி 1,950-க்கு இறங்கும் போனுக்கு 65%. எது வேகம்? சூடேறி இறங்கிய பிறகும் ரெண்டாவதுதான். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், "லோயஸ்ட் லூப்" எண்ணைப் பாருங்கள்.

டெஸ்ட் எடுக்கும் முறை:

கவரைக் கழற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகும், அது ஜிபியூ பங்கைத் தின்னும். பேட்டரி 50-க்கு மேல் 80-க்குள். பிரைட்னஸ் பாதியில், ஆட்டோ இல்லாமல். ஏர்பிளேன் மோடு. முந்தைய ஓட்டத்துக்குப் பின் 15 நிமிடமாவது ஆற விடுங்கள். மேசையில் வைத்து ஓட்டினீர்களா, கையில் பிடித்தா, ஃபேனுக்கு அடியிலா என்பதையும், ரூம் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ரிவ்யூக்காரர் 21 டிகிரி அறையில் எடுத்த எண் வேலூர் மே மாதத்தில் வராது. போனின் மேல்தோல் சுமார் 43 டிகிரி தொட்டதும் பெரும்பாலான கம்பெனிகள் கிளாக்கை இறக்க ஆரம்பிக்கும். 21-லிருந்து 43-க்கு 22 டிகிரி இடம் இருக்கிறது; 36-லிருந்து 7 டிகிரிதான். வெளியேறும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அதே சிப், அதே போன், மூன்றில் ஒரு பங்கு இடம்.

ஏமாற்று வேலையும் உண்டு. 2018-ல் 3டிமார்க் நடத்தும் யூஎல், பெஞ்ச்மார்க் ஆப்பின் பெயரைக் கண்டு வரம்பைத் தளர்த்தியதாக ஹுவாவே, ஓப்போ மாடல்கள் சிலவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2022-ல் இதன் மறுபக்கம்: சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் கேம்களை இறக்கிப் பெஞ்ச்மார்க்குகளை விட்டுவிட்டது தெரிந்து, கீக்பெஞ்ச் கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரை நீக்கியது. அதனால் பெஞ்ச்மார்க் எண் நன்றாக இருந்து கேம் மோசமாக ஓடினால் முதலில் ஜிபியூவைத் திட்டாதீர்கள். போனின் கேம் மோடு செட்டிங்கைத் திறந்து "பேலன்ஸ்டு"-ல் இருக்கிறதா பாருங்கள்.

---

மில்லிசெகண்ட்:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா கேமுக்கு வந்தா கதை கொஞ்சம் மாறும்.

பிஜிஎம்ஐ-க்கு ஜிபியூ பெருசா வேணாம் ப்ரோ. ஸ்மூத் கிராஃபிக்ஸ்ல 90 வைக்கிறவங்கதான் அதிகம், அதுல ரெண்டு ஜிபியூவுமே கொட்டாவி விடும். அங்க தடுமாறுறது சிபியூ: நாலு ஸ்குவாட் ஒரே இடத்துல குதிக்கிற நேரம், ஸ்மோக் போட்ட நேரம். இன்னொண்ணு, 90, 120 ஆப்ஷன் வர்றதே கேம்காரன் உங்க மாடலை லிஸ்ட்ல சேர்த்திருந்தாதான். ஜிபியூ எவ்வளவு பெருசா இருந்தாலும் லிஸ்ட்ல இல்லேன்னா மெனுவில அந்த வரியே வராது. வாங்குறதுக்கு முன்னாடி அந்த குறிப்பிட்ட மாடல்ல வருதான்னு பாருங்க, சிப்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

கென்ஷின்தான் உண்மையான ஜிபியூ சோதனை. அதுலயும் சராசரி எஃப்பிஎஸ்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க. 60 எஃப்பிஎஸ்னா ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு நொடியில 58 பிரேம் வந்துச்சுன்னா "58 எஃப்பிஎஸ், சூப்பர்"னு சொல்லுவாங்க. அந்த விட்டுப்போன ரெண்டு பிரேம் எப்படிப் போச்சுங்கறதுதான் விஷயம். ரெண்டு இடத்துல 33 மில்லிசெகண்டா போனா லேசா ஒரு உதறல். ஒரே இடத்துல 50 மில்லிசெகண்டா நின்னா, திரும்பிச் சுடுற நேரத்துல கண்ணுக்கு நல்லாத் தெரியும். சராசரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால 1% லோ (மிக மெதுவான 1% பிரேம்களோட எஃப்பிஎஸ்) பாருங்க, பிரேம்டைம் கோடு தட்டையா இருக்கான்னு பாருங்க.

அளக்க: டெவலப்பர் ஆப்ஷன்ல "ஷோ ரெஃப்ரெஷ் ரேட்" போட்டுட்டு 120 ஓடுதுன்னு ஸ்கிரீன்ஷாட் போடுறவங்க நிறைய. அது திரையோட ரேட், கேமோட எஃப்பிஎஸ் இல்ல. கேம் 40-ல தவழ்ந்தாலும் அது 120 காட்டும். ஷிசுகு (ஆப்களுக்குக் கூடுதல் அனுமதி தர்ற ஆப்) போட்டு டேகோஸ்டாட்ஸ் மாதிரி எஃப்பிஎஸ் காட்டுற ஓவர்லே ஓட்டுங்க, ரூட் வேணாம். இல்ல போனோட சொந்த கேம் பார்லயே எஃப்பிஎஸ் இருக்கும், அதுவும் போதும்.

ஜிபியூ முட்டுதா சிபியூ முட்டுதான்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு வேலை: கேம்ல ரெண்டர் ரெசல்யூஷனை மட்டும் ஒரு படி இறக்குங்க, மத்த எதையும் தொடாதீங்க. எஃப்பிஎஸ் ஏறுச்சுன்னா ஜிபியூ (இல்ல மெமரி) முட்டுது. அசையலைன்னா சிபியூ, இல்ல கேம் போட்ட வரம்பு. சூடா இருக்கறப்ப ஒரு தடவை, ஆறின பிறகு ஒரு தடவை பண்ணுங்க, பதில் மாறும்.

90 எஃப்பிஎஸ் ஆடுறவங்களுக்கு இன்னொரு கண்ணி. 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கும். 90 எஃப்பிஎஸ் பிரேம் 11.1-க்கு ஒண்ணு வரும். ரெண்டும் சேராது, ரெண்டு பிரேமை ஆளுக்கு ஒரு தடவையும், அடுத்ததை ரெண்டு தடவையும் காட்டும், அதனால பிரேம் குறையாமலே உதறும். திரை 90 ஹெர்ட்ஸுக்கு மாறுற போன்னா பிரச்சினை இல்ல. மாறாத போன்ல 60-ஓ 120-ஓ வெச்சா கண்ணுக்குச் சுத்தமா இருக்கும். இதை ஜிபியூ கோளாறுன்னு நினைச்சு போனையே மாத்தினவங்க உண்டு.

---

கோட்டைவாசல்:

மூன்று பேருக்கும் நன்றி. லோயஸ்ட் லூப் விஷயம் யாரும் சொல்லித்தந்ததில்லை. எமுலேட்டர் பக்கம் யாராவது? அங்கேதான் மாலி வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அது உண்மையா, பழைய பேச்சா? அப்புறம் ரே டிரேசிங் எண்ணை (3டிமார்க்கின் சோலார் பே டெஸ்ட்) கணக்கில் எடுக்கணுமா?

---

பிக்சல்பாண்டி:

பாதி உண்மை. மாலியின் வன்பொருள் மட்டம் என்பது பழைய பேச்சு. டிரைவர் பக்கம் அட்ரீனோவுக்கு ஒரு வசதி இருக்கிறது, அது இன்றும் பெரிய வித்தியாசம்.

ஆண்ட்ராய்டில் ஜிபியூ டிரைவர் (ஜிபியூவை இயக்கும் மென்பொருள்) போனின் சிஸ்டம் அப்டேட்டோடு வருகிறது. பிளே ஸ்டோர் வழியாக டிரைவரை மட்டும் மாற்றும் ஏற்பாடு ஆண்ட்ராய்டு 10-லிருந்து உண்டு; கிடைக்கும் போன்கள் சொற்பம். கம்பெனி அப்டேட் நிறுத்தினால் டிரைவரும் அங்கேயே உறைந்துவிடும். பிளே ஸ்டோர் கேம்களுக்கு இது பெரிதாகத் தெரியாது, அவை பரவலான டிரைவர்களில் சோதித்து வருபவை. எமுலேட்டர் அப்படி இல்லை. போன் கேம் எதுவும் தொடாத வல்கன் மூலைகளையெல்லாம் தொடும்.

அட்ரீனோவுக்கு மெசா என்ற திறந்த மூல டிரைவர் திட்டத்தில் டர்னிப் என்ற வல்கன் டிரைவர் இருக்கிறது. இதை ரூட் இல்லாமலே எமுலேட்டருக்குள் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்: எமுலேட்டர் செட்டிங்கில் ஜிபியூ டிரைவர் பகுதிக்குப் போய், டர்னிப் ஜிப் கோப்பைக் காட்டினால் போதும், சிஸ்டம் டிரைவர் அப்படியே இருக்கும். ஒரு கேமில் தரை கறுப்பாக வந்தால் வேறு வெர்ஷன் போட்டுப் பார்க்கலாம். மாலிக்கு மெசாவில் பான்விகே என்ற அதே மாதிரி டிரைவர் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இப்படி மாட்டிக் கழற்றும் வழக்கம் வரவில்லை. போன் கொடுத்த டிரைவரோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

வின்லேட்டரில் இது நேரடியாக அடிக்கும். டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கேட்கிறது. டிரைவர் 1.1-ல் நின்றிருந்தால் பழைய டிஎக்ஸ்விகே 1.10 கிளைக்கு இறங்கித்தான் ஓட்டணும். பிசி கேம்கள் பிசி வடிவத்தில் சுருக்கிய டெக்ஸ்சர்களோடு வரும். அந்த வடிவத்தை டிரைவர் ஏற்காவிட்டால் விரித்துக் கொடுக்கணும், அதில் ராம் வீங்கும், லோடிங் நீளும். "ஜிபியூ ஸ்கோர் நல்லாத்தானே இருக்கு, ஏன் திணறுது" என்ற கேள்விக்கு பாதி நேரம் விடை இங்கே இருக்கும்.

டர்னிப்பில் எல்லா அட்ரீனோவும் சமம் என்று நினைக்காதீர்கள். 6xx தொடர் நன்றாகப் பழுத்தது. 7xx-ல் 730, 740 நன்கு ஓடும். அதே 7xx பெயரில் வரும் 710, 720 போன்ற நடுத்தரச் சிப்புகளுக்கு ஆதரவு வெகுநாள் இழுத்தது. 732-க்கு எந்த வெர்ஷனிலிருந்து என்பதை டர்னிப் ரிலீஸ் குறிப்பில் பார்த்துவிட்டு, அதே போனில் யாராவது ஓட்டிக் காட்டிய வீடியோ இருந்தால் மட்டும் வின்லேட்டரை நம்பி வாங்குங்கள்.

பிஎஸ்2-க்கு இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே பாரம் சிபியூவின் ஒற்றைக் கோரில். உள் ரெசல்யூஷனை 2 மடங்கு, 3 மடங்கு என்று ஏற்றும்போதுதான் ஜிபியூ விழித்துக்கொள்ளும். ரெண்டு சிப்பும் தாங்கும். வல்கனில் படம் உடைந்தால் ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பாருங்கள், மாலியில் சில கேம்களுக்கு அதுவே மருந்து.

சோலார் பே எண்ணை மறந்துவிடுங்கள். ரே டிரேசிங் பயன்படுத்தும் போன் கேம்களை விரல் விட்டு எண்ணலாம். அதை ஆன் செய்தால் எஃப்பிஎஸ் நன்றாகவே இறங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தேட வேண்டியிருக்கும்.

---

கோட்டைவாசல்:

வின்லேட்டர் எனக்கு ஆசைதான், அவசியம் இல்லை. ஆனாலும் 7+ ஜென் 3 பக்கம் மனசு சாய்கிறது. நண்பர் ஒருத்தர் அதே காசுக்கு செகண்ட்ஹேண்டில் 8 ஜென் 1 போன் கிடைக்கும், அது ஃபிளாக்ஷிப் ஜிபியூ என்கிறார். எடுக்கலாமா?

---

சூடுபார்ப்பவன்:

8 ஜென் 1 வேண்டாம். எடுத்தால் 8+ ஜென் 1. ரெண்டிலும் ஜிபியூ பெயர் ஒன்றே, அட்ரீனோ 730. முதலாவது சாம்சங்கின் 4 நானோமீட்டரில் செய்தது, ரெண்டாவது டிஎஸ்எம்சி-யின் 4 நானோமீட்டரில். தொழிற்சாலை மாறியதில் கிளாக் 10% கூடியும் ஜிபியூ மின்செலவு 30% வரை குறைந்தது என்று குவால்காமே அறிவித்தது. ஒரு நிமிட டெஸ்டில் இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், இருபதாவது சுற்றில் பளிச்சென்று தெரியும். வேலூரில் இன்னும் பளிச்.

பழைய போனில் இன்னொரு ஆபத்து, சிப்போடு சம்பந்தமே இல்லாதது. டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றத் திறந்த போனில் சூட்டைக் கடத்தும் கிராஃபைட் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள், தெர்மல் பேஸ்ட் காய்ந்த இடத்தில் புதிது வைத்திருக்க மாட்டார்கள். வெளியே புத்தம்புதுசு மாதிரி இருக்கும், மூன்றாவது நிமிடத்தில் கிளாக் பாதியாகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் பார்த்து நேரில் போய் வாங்கினாலும் சரி, 3டிமார்க்கை அங்கேயே இறக்கி வைல்டு லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓட விடுங்கள். 20 நிமிடம் தர மாட்டேன் என்றால் 7, 8 சுற்றாவது பாருங்கள். அதே மாடலுக்கு 3டிமார்க் ஆப் காட்டும் சராசரி மதிப்பெண்ணைவிட முதல் சுற்றே 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

டைல்ராஜா:

ஒரு சின்னத் திருத்தம்: முதல் சுற்று குறைந்தால் உடனே குற்றம் சொல்ல முடியாது, பேட்டரி சேவர் ஆன் ஆகியிருக்கலாம், சார்ஜ் 20-க்குக் கீழே இருக்கலாம். அதையும் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கோட்டைவாசல், உங்கள் ரெண்டு சிப்புக்கே திரும்பினால்: உச்சத்தில் ரெண்டும் ஒரே படிக்கட்டில். ஒரே சிப்பை ரெண்டு கம்பெனி வெவ்வேறு வாட் வரம்பில் ஓட்டுவார்கள், ஒருத்தர் வேப்பர் சேம்பர் (சூட்டைப் பரப்பும் தகடு) பெரிதாகப் போடுவார், இன்னொருத்தர் சின்னதாக. அதனால் சிப்பை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் அந்த மாடலின் லோயஸ்ட் லூப் எண்ணைத் தேடுங்கள். பிஜிஎம்ஐ, கென்ஷின், பிஎஸ்2 மட்டும் என்றால் அந்த எண் எதற்குக் கூடுதலோ அது, இல்லை எது 3,000 ரூபாய் மலிவோ அது. வின்லேட்டர் ஆசை நிஜம் என்றால் அட்ரீனோ, ஆனால் பாண்டி சொன்ன மாதிரி 732-க்கு டர்னிப் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகு.

---

மில்லிசெகண்ட்:

8300 எடுத்தா ஒண்ணு பண்ணுங்க: கென்ஷின்ல 60 வெச்சு ரெண்டர் ரெசல்யூஷனை ஒரு படி கீழ வைங்க. 1080-ல இருந்து 864-க்கு இறக்கினா ரெண்டு பக்கமும் 0.8 மடங்கு, பிக்சல் 0.64 மடங்கு. மூணுல ஒரு பங்கு வேலை மிச்சம், ஆறரை இன்ச் திரையில கண்ணு பெருசா கண்டுக்காது. ஷேடோவை மீடியம், மோஷன் பிளர் ஆஃப். 7+ ஜென் 3-க்கும் இதே செட்டிங்தான், கவரைக் கழட்டிட்டு ஆடுங்க.